வீட்டுக்கு மட்டும் போகும் கார்

சிங்காநல்லூருக்குப் பக்கத்தில், மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையின் பின்சுவரை ஒட்டி இருக்கிற மில் காலனியின் மூன்றாம் தெருவில், நாச்சிமுத்து தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே பிரித்து, தேய்த்து, மாற்றி, பூட்டி முடித்த பழைய பென்ஸ் கார், எந்தப் பக்கம் ஓட்டினாலும் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. பழனிக்கு என்று கிளம்பினாலும் சரி, பாலக்காட்டுக்கு என்று கிளம்பினாலும் சரி, சாலையில் ஒரு வளைவு வரும், வளைவு திரும்பினால் மூன்றாம் தெரு, முனையில் குழாயடி, குழாயடிக்கு அப்பால் பச்சை கேட். தெருக்காரர்கள் முதல் வாரம் இதைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த வாரம் இதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசினார்கள்.

அந்தக் கார் மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து, திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. அவர் நாட்டு வழக்கப்படி ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. பஞ்சு குடோனில் எலிகள் குட்டி போடும் இடமாகப் பல வருஷம் கிடந்து, மில் மூடப்பட்டபோது யாருடைய கணக்கிலும் வராமல் நின்ற அதை, மில்லில் ஃபிட்டராக இருந்து வேலை போன நாச்சிமுத்து ஆட்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, மூக்கு சுவரைப் பார்க்கத் தன் வீட்டு ஷெட்டுக்குள் நிறுத்தினார். ஷெட் காரைவிட ஒரு முழம்தான் அகலம். வீட்டுக்குள் போக இருந்த வழியும் அந்த ஒரு முழம்தான். அன்றிலிருந்து அவர் மனைவி சாந்தாமணி பக்கவாட்டாக நடந்து வெளியே வந்தாள், பக்கவாட்டாக நடந்து உள்ளே போனாள், தண்ணீர்க் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, கார்க் கதவின் கைப்பிடி முதுகில் கோடு போடாமல் பார்த்துக்கொண்டு.

கார் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்தது. கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போனது. பானெட் பரணில் ஏறியது. பின்சீட்டு கூடத்தில் சோபாவானது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், வரி கேட்டு வந்தவர்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் உட்கார்ந்தார்கள். சாந்தாமணியின் இட்லிக் குண்டாவில் பிஸ்டன்கள் மண்ணெண்ணெயில் ஊறின. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எறிந்துவிட்டு, மில் கூரையிலிருந்து கழன்ற தகட்டை நாச்சிமுத்து அங்கே பற்றவைத்தார். இடது பக்க ஸ்டீயரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றுகிற வேலைதான் பெரிய வேலை. மிதிகள், குழாய்கள், கம்பிகள் எல்லாம் இடம் மாற வேண்டியிருந்தது, மாறி, சரியில்லை என்று கழற்றி, மறுபடியும் மாறின. பழைய ஸ்டீயரிங் இருந்த ஓட்டையை ஒரு வட்டத் தேக்குப் பலகையால் மூடினார்.

சாந்தாமணிக்குத் தூத்துக்குடியில் தேவகி என்று ஒரு தங்கை. புருஷன் போனபிறகு உப்பளத்துக்குப் போகும் சாலையில் ஒரு மெஸ் நடத்திவந்தாள். "அக்கா, கை ரெண்டுதான் இருக்குது, வேலை பத்து கை வேலை. வந்து எங்கூட இரு. புடிக்கலைன்னா திரும்பிப் போயிரு" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சாந்தாமணி கேட்கும்போதெல்லாம் நாச்சிமுத்து காருக்கு அடியில் இருந்து பதில் சொன்னார்: "பஸ்ஸுல எதுக்குப் போயி அல்லாடறே? வண்டி ரெடியாகட்டும். மொத சவாரி உனக்குத்தான். நானே கொண்டுபோயி உடறேன்." அவர் குரல் எப்போதும் தகட்டில் பட்டு வந்ததால் அவர் சொன்னதா, கார் சொன்னதா என்று தெரியாதபடி இருக்கும்.

கார் வேலையில் சிலது இரண்டு பேர் இல்லாமல் நடக்காது. பிரேக் குழாயில் இருந்து காற்றை எடுக்க ஒருவர் அடியில் படுத்துத் திருகாணியைத் திறக்க வேண்டும், ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். சமையலை முடித்துவிட்டு சாந்தாமணி போய் உட்காருவாள். அடியிலிருந்து குரல் வரும். "மிதி… மிதி… மிதி. புடிச்சுக்க. உடு." மறுபடியும். "மிதி… புடிச்சுக்க. உடு." இடது பக்கத்தில் மிதி இருந்த காலத்தில் இடது பக்கம் உட்கார்ந்தாள், வலது பக்கத்துக்கு வந்தபிறகு வலது பக்கம் உட்கார்ந்தாள். என்ஜின் ஓடத் தொடங்கியபிறகு வேலை இன்னும் கூடியது. புது பிஸ்டன்கள் பழக வேண்டும், கியர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்று நாச்சிமுத்து காரை நாலு இரும்பு ஸ்டாண்டுகள்மேல் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்கள் காற்றில் சுழல, அவளை ஓட்டச் சொன்னார். ஒன்றாவது கியர், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. மதியங்களில் அவர் தூங்கும்போது சாந்தாமணி ஷெட்டில் உட்கார்ந்து காரை ஓட்டினாள். மீட்டரில் எண்கள் உருண்டன, காற்றாடி இரைந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள், காருக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. தூத்துக்குடிக்குப் போய்த் திரும்புகிற தூரத்தை அவள் அந்தச் சுவரைப் பார்த்தபடி பலமுறை ஓட்டி முடித்தாள்.

கார் தரையில் இறங்கிய நாளில் தெருவே வந்தது. அடர்நீலப் பெயின்ட்டில் முகம் தெரிந்தது. முன்னாள் வார்டு கவுன்சிலர் ஆறுச்சாமி மாலை வாங்கி வந்தார். மூன்றாம் தெருவில் எது நடந்தாலும் அவர் தலைமையில்தான் நடக்கும். நாலு எலுமிச்சம்பழத்தை டயருக்கு முன்னால் வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம். முன்னால் சுவர். வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்திவிட்டு வைக்கலாம் என்று யாரோ சொல்ல, நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆறுச்சாமி அவசரப்படுத்த, பழங்களை டயருக்குப் பின்னால் வைத்தார்கள். கார் பின்னால் நகர்ந்து எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை கட்டி, பையோடு நின்ற சாந்தாமணி, கார் இடிக்காமல் வெளியே வருவதற்காகக் கேட்டை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்தர்றேன். அப்பறம் நீ ஏறு" என்றார் நாச்சிமுத்து.

ஆறுச்சாமியை ஏற்றிக்கொண்டு சூலூர்ப் பக்கம் போனவர், ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். எதற்குத் திரும்பினீர்கள் என்று கேட்டதற்கு, திரும்பவில்லை, நேராகத்தான் போனேன் என்றார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். சாந்தாமணி பையைக் கீழே வைக்காமல் கேட்டைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். சாயங்காலம் போய்ப் பட்டுச்சேலையை மடித்து வைத்தாள்.

எலுமிச்சை பின்னால் போனதால்தான் வண்டி திரும்பி வருகிறது என்று தெரு அன்றே முடிவுசெய்தது. அதற்குப் பிறகு வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. புதுப் பழங்களை முறைப்படி முன்னால் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். வண்டி நசுக்கியது, போனது, வந்தது. ஸ்டீயரிங் மாற்றியதில் கோளாறு இருக்கும் என்று, என்ஜினைப் போடாமல் ஆறுச்சாமியின் மினி லாரியில் கயிறு கட்டி உக்கடத்தில் ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துப் போனார்கள். கயிற்றுக்கு வண்டி சாதுவாகப் பின்னால் வந்தது. மெக்கானிக் நாலு சக்கரத்தையும் பார்த்தார், எல்லாம் நேராக இருக்கிறது என்றார், ஓட்டிப் பார்க்க என்ஜினைப் போட்டுக் கடையிலிருந்து எடுத்தார், பச்சை கேட்டின் முன்னால் நிறுத்தினார். சாந்தாமணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, எண்ணெய்க் கையோடு பஸ் பிடித்துக் கடைக்குப் போனார்.

இப்படித்தான் சங்கதி தெரியவந்தது. கயிறு கட்டி இழுத்தால் எங்கே வேண்டுமானாலும் போகும். என்ஜினைப் போட்டால் வீட்டுக்கு வரும். அது எவ்வளவு தூரமானாலும் ஒரு வளைவு தூரம்தான். இப்படி ஒரு வண்டி வேறு எந்தத் தெருவிலும் இல்லை என்பதை ஆறுச்சாமி முதலில் கண்டுகொண்டார்.

மூன்றாம் தெருவுக்கு அதன்பிறகு ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பயமில்லாமல் போனது. டாக்டர்கள் கைவிரித்தவர்களை, ஆம்புலன்ஸில் குலுங்காமல், பென்ஸில் படுக்கவைத்து என்ஜினைப் போட்டால், அவர்கள் கண்ணை மூடுவதற்கு முன்னால் சொந்தத் தெருவின் குழாயடியைப் பார்த்தார்கள். டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்தவர்கள் வந்தார்கள். வெள்ளியங்கிரியில் சாமியாராகப் போயிருந்த ரேஷன் கடைக்காரர் மகன் தாடியோடு வந்து இறங்கினான். திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஒருவரை அவர் மச்சான்கள் பென்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்து, சொந்த வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, சொந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே இருந்துவிட்டார். வழியில் குதித்துவிடக்கூடாது என்று ஆறுச்சாமி யோசனை சொல்ல, நாச்சிமுத்து பின்கதவுகளின் உள்கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை ரெக்ஸின் ஒட்டி, ஒன்றும் இருந்த அடையாளம் தெரியாமல் மூடினார். நல்ல வேலைப்பாடு என்று எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்.

ஒழுங்குமுறைகளும் தானாக ஏற்பட்டன. புருஷன் வீட்டுக்குப் போகிற கல்யாணப் பெண்ணை அந்தக் காரின் நிழல்கூடப் படாமல் கூட்டிப் போனார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பையன்கள் அதன் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பானெட்டில் மஞ்சளும் குங்குமமும் வைக்கப்பட்டன. காலைப் பத்திரிகை ஒன்று 'வீடு திரும்பும் விநோத கார்' என்று கட்டம் கட்டிச் செய்தி போட்டது. நாச்சிமுத்துவின் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், படத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கை யாருடையது என்று போடவில்லை.

கேட்டின் தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்தான். இரண்டு ஹாரன் அடித்தால் சாந்தாமணி அடுப்பைத் தணித்துவிட்டு, பக்கவாட்டாக நடந்து வந்து, தாழ்ப்பாளை நீக்கி, கேட்டை இழுத்து ஒதுக்க வேண்டும். எப்போது வண்டி வரும் என்று தெரியாததால் எப்போதும் இருக்க வேண்டும். நங்கவள்ளியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. "நீ போயிட்டா கேட்ட யாரு தொறக்கறது? வூட்டுல ஒருத்தர் இருக்கோணுமல்லோ" என்று நாச்சிமுத்து சொன்னது தெருவுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஒருநாள் அவளே கேட்டாள். "ஏனுங், என்னைய ஒருக்கா அதுல கூட்டிட்டுப் போங்களே. எங்கயும் போகலீன்னாலும் போகுது. உக்காந்து பாக்கறேன்."

நாச்சிமுத்து வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "வூட்டுல இருக்கறவளுக்கு வூட்டுக்கு வர்ற வண்டி எதுக்கு?"

தெரு சிரித்தது. ஆறுச்சாமியின் மனைவி வளர்மதிதான் அதிகம் சிரித்தாள்.

வளர்மதியின் மகள் கீர்த்தனா அந்த மாசிக்குப் பிறகு ஓசூருக்குப் போய்விட்டாள். ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, விடுதியும் கொடுத்தார்கள். வீட்டில் அவளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். தாய்மாமன் அவளைவிட ரொம்ப மூத்தவர் என்பதைத் தவிர அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். மினி லாரி பென்ஸை ஓசூர்வரை இழுத்துப் போனது. பின்சீட்டில் வளர்மதி நெற்றியில் துணி கட்டிப் படுத்துக்கொண்டாள். விடுதி வாசலுக்கு வந்த கீர்த்தனா, "அம்மா, என்னாச்சு?" என்று உள்ளே ஏறி நெற்றியைத் தொட்டாள். கதவு சாத்தப்பட்டது. என்ஜின் போடப்பட்டது.

இரண்டு ஹாரன். சாந்தாமணி வந்து கேட்டைத் திறந்தாள். பின்சீட்டில் கீர்த்தனா கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ரெக்ஸினைத் தடவிக்கொண்டிருந்தாள், கண் தெரியாதவர்கள் தடவுவதைப்போல. மற்றவர்கள் இறங்கி, வெற்றிலை போட்டு, நடந்ததைத் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசியாக இறங்கியவள் சாந்தாமணியின் முன்னால் நின்றாள்.

"பெரீம்மா, நீங்க கேட்டத் தொறக்காம இருந்திருக்கலாமில்லீங்?"

ஹாரன் அடித்தால் கேட்டைத் திறக்காமல் இருக்கலாம் என்பது சாந்தாமணிக்குத் தோன்றியதே இல்லை. அந்த வாரம் முழுவதும் அது அவள் கூடவே பக்கவாட்டாக நடந்தது. பிறகு ஒருநாள் காலையில் நாச்சிமுத்துவிடம், "தேவகிக்கு முடியலீங். போய்ப் பாத்துட்டு நாலு நாள்ல வந்தர்றேன்" என்றாள்.

"கேட்டு?"

"தொறந்தே கெடக்கட்டுமுங். உள்ள என்ன இருக்குது கொண்டுபோக?"

பஸ்ஸில் போனாள். பல்லடம் தாண்டி முதல் வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வேலி முருங்கையும் காற்றாலையும் தெரிந்தன. அடுத்த வளைவுக்கும் மூடிக்கொண்டாள். விருதுநகர் வருவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "தல சுத்துதா, எலுமிச்சம்பழம் இருக்கு, மோந்து பாக்குதியா?" என்று கேட்டுவிட்டாள். வேண்டாம் என்று சாந்தாமணி அவசரமாகச் சொன்னாள்.

தேவகியின் மெஸ்ஸில் வாசல் அகலமாக இருந்தது. சாந்தாமணி அதற்குள்ளும் பக்கவாட்டாகவே போய் வந்தாள். "என்னக்கா நண்டு மாதிரி? நேராத்தான் வாயேன்" என்று தேவகி சிரித்தாள். கொஞ்ச நாளில் நேராக வந்தது. காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, மாலையில் வேலை முடிந்து சாலையின் வளைவு வரைக்கும் நடந்தால், வளைவுக்கு அப்பால் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் வெள்ளைக் குவியல்கள், எங்கேயும் சுவரில்லை. நாலு நாள் முடிந்து பல நாள் ஆயிற்று. நாச்சிமுத்து போன் செய்து, "எப்ப வர்றே?" என்றார். "வர்றனுங்" என்றாள். வராமல் இருக்க முடியும் என்பதை அவள் ஒவ்வொரு நாளாகப் பழகிக்கொண்டாள், கியர்கள் பழகுவதைப்போல.

ஒரு மதியம், பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஹாரன் கேட்டது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். பக்கவாட்டாக நடந்து வாசலுக்கு வந்தாள். தாழ்ப்பாள் இருக்க வேண்டிய உயரத்தில் கை காற்றில் போய் நின்றது. அப்போதுதான் அங்கே கேட் இல்லை என்று தெரிந்தது. தெருவில் அடர்நீல பென்ஸ் நின்றது.

நாச்சிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவளையும் மெஸ்ஸின் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். பக்கத்தில் ஆறுச்சாமி. பின்சீட்டில் வளர்மதியும், அவளுக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரமாகக் கீர்த்தனாவும். கீர்த்தனா மறுபடியும் ஓசூருக்குப் போயிருந்தாள். மறுபடியும் அவளை ஏற்றிக்கொண்டு, சாந்தாமணி ஊரை விட்டு வந்தபிறகு முதல்முறையாக, என்ஜினைப் போட்டிருந்தார்கள்.

"என்னங்ணா இது, உப்புக் காத்து அடிக்குது?" என்றார் ஆறுச்சாமி.

நாச்சிமுத்து மறுபடியும் வண்டியைக் கிளப்பினார். கார் உப்பள வளைவில் திரும்பி மறைந்தது, தெருவின் மறுமுனையில் இருந்து வந்தது, மெஸ்ஸின் முன்னால் நின்றது. மறுபடியும் போனது, வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் எச்சில் கையோடு வெளியே வந்து நின்றார்.

"அண்ணாச்சி, டீசல் விக்கிற வெலைக்கு இந்தத் தெருவையே சுத்துதியளே. யாரைத் தேடுதிய?"

ஆறுச்சாமிக்குத்தான் முதலில் புரிந்தது. மூன்றாம் தெருவில் அவர் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, சாந்தாமணியைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். "அண்ணா, வண்டி வூட்டுக்கு வரலீங். அண்ணி எங்க இருக்காங்களோ அங்க வருது. இத்தன நாளும் அவுங்க வூட்டுலயே இருந்தாங்க. நாம எலுமிச்சங்காய்னு நெனச்சுட்டிருந்தோம்."

நாச்சிமுத்து இறங்கினார். அந்தக் காரின் ஒவ்வொரு திருகாணியையும் தொட்டவர் முதல்முறையாக அதைத் தொடப் பயப்பட்டவர்போல, கதவை முழங்கையால் சாத்தினார். "எனக்கெப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "சரி, பொறப்படு போலாம்" என்றார்.

"எதுலீங்?" என்றாள் சாந்தாமணி.

அதுதான் கேள்வி. மினி லாரி ஓசூரில் நின்றது. வண்டியை ஓட்டினால் இங்கேயேதான் வரும். எல்லாரும் மெஸ்ஸுக்குள் உட்கார்ந்து யோசித்தார்கள். மதிய நேரம் என்பதால் தேவகி இலை போட்டாள். ஆறுச்சாமி பொரியலை ஒதுக்கிவிட்டு வழி சொன்னார். அண்ணியைப் பஸ் ஏற்றி விட்டுவிடுவது. அவர் கோயம்புத்தூர் போய், வீட்டுக்குள் போய், கேட்டைத் தாழ்போட்டுவிட்டுப் போன் செய்வது. இங்கே என்ஜினைப் போடுவது. ஒரு வளைவில் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம்.

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. லாரி டிரைவருக்கும் சரியாகப் பட்டது. கோயம்புத்தூர் பஸ் எந்த நேரத்துக்கு என்று அவரே விசாரித்துச் சொன்னார்.

"நீங்க போயிட்டீங்க, தெருவே கெட்டுப் போச்சுங்க்கா" என்று வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில கெடக்கற எங்க மாமனார என்ன பண்றது? அவரு இங்க வந்து சாகறதா? நீங்க வூட்டுல இருந்தாத்தானுங்க்கா எல்லாருக்கும் வூடு."

"ஆமா, அக்காள கேட்டுல கட்டிப் போட்டீங்கன்னா இன்னும் வசதி" என்றாள் தேவகி, ரசத்தை வளர்மதியின் இலையில் கொஞ்சம் வேகமாக ஊற்றி.

"நீ சும்மா இரு புள்ள. இது எங்க குடும்ப விசயம்" என்றார் நாச்சிமுத்து. அவர் சாந்தாமணியைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தார். "மொத சவாரி உனக்குன்னு சொன்னேன். சொன்னதுதான். இந்த ஒரு தடவ பஸ்ஸுல போ. வந்தொடனே உன்னைய ஏத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

சாந்தாமணி ஒரு தட்டில் சோறு போட்டு, கீர்த்தனாவுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவளை யாரும் இறக்கியிருக்கவில்லை. திறக்க முடியாத கதவுகளுக்கு நடுவே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"இங்க கேட்டே இல்லீங்களே பெரீம்மா" என்றாள்.

சாந்தாமணி காரைச் சுற்றிக்கொண்டு போனாள். வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டு அவளுக்குத் தெரிந்த சீட்டு. பல மதியங்கள் சுவரைப் பார்த்து ஓட்டியது அதில் உட்கார்ந்துதான். சாவி அதிலேயே இருந்தது. டீசல் வண்டிக்கு முதலில் ஹீட்டர் குமிழை இழுத்துப் பிடிக்க வேண்டும்; சின்ன வலைக்குள் கம்பி சிவக்கும்வரை இழுத்துப் பிடித்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு நாச்சிமுத்து எச்சில் கையோடு வாசலுக்கு ஓடிவந்தார்.

"சாந்தா! உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது!"

"மிதிக்கத் தெரியும். புடிச்சுக்கத் தெரியும். உடத் தெரியும்" என்றாள். "கியரெல்லாம் நாந்தானுங் பழக்குனேன்."

கார் ஒருமுறை குலுங்கி, நகர்ந்தது. வளர்மதி "என்ற புள்ள உள்ள இருக்குது!" என்று கத்தினாள். ஆறுச்சாமி சாவகாசமாகக் கையைக் காட்டினார். "ஒக்காரு. எங்க போயிரும்? வளைவு வரைக்கும் போகும், இங்கயே வந்து நிக்கும். நாமதான் பாத்தமல்லோ." அது நிஜம்தான் என்பதால் எல்லாரும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். ரசம் சாப்பிட்டார்கள், வளைவைப் பார்த்தார்கள். மோர் சாப்பிட்டார்கள், தெருவின் மறுமுனையைப் பார்த்தார்கள். லாரி டிரைவர் கிளம்பிப் போய்விட்டார். அண்ணி இருக்கும் இடத்துக்குத்தான் வண்டி வரும் என்று தானே சொன்னதை ஆறுச்சாமி மனதுக்குள் மறுபடியும் சொல்லிப் பார்த்தார், அண்ணி இப்போது இருப்பதே வண்டிக்குள்தான் என்று உறைத்து, பாதியில் சோற்றுக் கை அப்படியே நின்றது.

"மாமா, இங்க அவுங்கவுங்க எலைய அவுங்கவுங்கதான் எடுக்கோணும்" என்றாள் தேவகி.

நாச்சிமுத்து இலையை மடித்தார். எங்கே போடுவது என்று கேட்காமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அங்கே திறப்பதற்கு ஒன்றும் இல்லை.

வளைவு வந்தபோது சாந்தாமணி கண்ணை மூடவில்லை. வளைவுக்கு அப்பால் உப்பளம் இருந்தது. உப்பளத்துக்கு அப்பால் ஒரு பாலமும், பாலத்துக்கு அப்பால் இன்னொரு வளைவும், அதற்கும் அப்பால் அங்கே இருக்க வேண்டிய பனைமரங்களும் இருந்தன. கீர்த்தனா தட்டைச் சாய்க்காமல் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே காலைப் போட்டு முன்னால் வந்து, வட்டத் தேக்குப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்கீங் பெரீம்மா போறோம்?"

"தெரியலடா கண்ணு. ஓசூரு எந்தப் பக்கம்னும் தெரியல. எறங்கோணும்னு எங்க தோணுதோ அங்க சொல்லு."

மாடு ஒன்று சாலையைக் கடந்தது. சாந்தாமணி மிதித்தாள், பிடித்துக்கொண்டாள், மாடு போனபிறகு விட்டாள். கீர்த்தனா மடியில் தட்டோடு, இடது பக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், இழுக்கவில்லை.